தறிக்குழிக்குள்

சேவூர் வீட்டுக்குள் நுழைந்ததுமே சவரிராஜுக்கு அந்த வாடை அடித்தது. பக்கத்துக் கொட்டகையில் சோப்புத் தண்ணீரில் பட்டு வேகும் வாடை அவனுக்குப் பழகியதுதான். இது அதற்கும் அடியிலிருந்து, அழுகின முட்டையில் வெல்லம் கலந்ததுபோல் தித்திப்பாக எழுந்து, நாக்கின் அடிவரை வழவழவென்று படிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"பட்டு வேவுதுங்க" என்றாள் அவன் மனைவி பாக்கியமேரி, தறியை விட்டு எழாமலே. அவள் கால்கள் தறிக்குழிக்குள் மிதிபலகையை மிதித்துக்கொண்டிருந்தன. "ரொம்ப நாள் வெளியூர்ல இருந்துட்டீங்க, அதான்."

எண்பத்திரண்டாம் வருஷம் அது. குஜராத்தில் நில அதிர்வு ஆய்வுக் குழு ஒன்றில் அவனுக்கு வேலை. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைக்குக் கீழே என்ன அடுக்குகள் இருக்கின்றன என்று அறிய, வெடி வைத்து, திரும்பி வரும் அதிர்வைக் கருவியில் பிடிப்பார்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் பாறைக்கு அடியில் ஓர் அடுக்கு, வெடிக்கு வெடி மேலே ஏறி வந்தது. சத்தத்தைத் தேடி வருவதுபோல. பாறையைத் துளைத்தபோது கம்பியோடு வெள்ளையாக, வெதுவெதுப்பாக ஒரு கூழ் வந்தது. அதில் மயிர் இருந்தது. தோல் உரியக் கை கழுவியும் அதன் தித்திப்பு வாடை போகவில்லை. சிமெண்ட் ஊற்றித் துளையை அடைத்துவிட்டு, மறுநாளே முகாமைக் கலைத்தார்கள்.

அதே வாடை.

அங்கே பாறை மூடியிருந்தது. இங்கே வெறும் ஆற்று மண். தெரு முழுக்கத் தறிகள், தலைமுறை தலைமுறையாக மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

"மேரி, மிதிக்காதே."

நிறுத்தினாள். சாப்பாட்டு வேளை, மற்ற வீட்டுத் தறிகளும் ஓய்ந்திருந்தன. அவன் தரையில் காதை வைத்தான். அடியில் ஏதோ மெல்ல உறிஞ்சியது.

"இன்னாங்க இது, குழி சூடா கீது. காலு வழுக்கிகினு போவுது."

"ஏறி வா. ஜல்தி!"

அக்குளில் கைகொடுத்து இழுத்தான். சளி அறுபடும் சத்தம். அவள் வெளியே வந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, உப்பி, வெந்த பட்டுப்புழுவைப்போல் தொளதொளத்தது. விரல் இடுக்குகளில் மயிர்.

"வலிக்கலீங்க" என்றாள். அழுதாள்.

அவன் வாந்தியெடுத்தான்.

குழிக்குள் மிதிபலகை அசைந்தது. கீழே. மேலே. தறியில் பாவு நூல் இரண்டாகப் பிரிந்து திறந்தது. மூடியது.

பிறகு அடுத்த வீட்டில். எதிர்வீட்டில்.

சாப்பிட உட்கார்ந்தவர்கள் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடி வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், ஆளில்லாத தறிகள் எல்லாம் ஒன்றாக மிதிபட்டுக்கொண்டிருந்தன.