கைராசி

இதய உறைகளின் புதிய தொகுதி வரும் காலைகளில் தொழிற்சாலை அதிகாரி மாதங்கி இடது சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்காருவாள். நர்ஸ் செசிலி அவள் தோலைக் கீறி, கன்றின் இதய உறையில் ஒரு துண்டை உள்ளே வைத்துத் தைப்பாள். இதற்குப் பெயர்தான் கையெழுத்து. பேனாவால் போட்டதெல்லாம் அந்தக் காலம்.

நெஞ்சில் வைத்த உறைகளிலிருந்து தொற்றிய கன்றுக் காய்ச்சலில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு வந்த சட்டம் அது. இதய ஓட்டையை அடைக்கும் உறைகளை எலக்ட்ரான் கற்றையில் காட்டிக் கிருமிகளைக் கொன்றால் மட்டும் போதாது. பாதுகாப்பானது என்று சொல்லும் அதிகாரி அதைத் தன் உடம்பில் சுமக்க வேண்டும். காய்ச்சல் வராவிட்டால்தான் அந்தத் தொகுதி மருத்துவமனைக்குப் போகும். மாதங்கிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. கைராசிக்காரி என்று தொழிற்சாலையே அவளைக் கொண்டாடியது. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

இந்த முறை தைக்கும்போது ஊசி செசிலியின் விரலிலும் குத்திவிட்டது. சில நாள் கழித்தும் மாதங்கி கல்லுக்குண்டாக நடமாடினாள். செசிலியோ காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தாள். மாதங்கிக்குச் சந்தேகம் தட்டியது. தன் இரத்தத்தைச் சோதித்தாள். கன்றுக் காய்ச்சலுக்கான எதிர்ப்புச் சக்தி அதில் நிரம்பியிருந்தது. இத்தனை காலம் கற்றையில் செத்த கிருமிகளே அவளுக்குத் தடுப்பூசியாகிவிட்டிருந்தன. இனி உயிருள்ள கிருமி வந்தாலும் அவள் உடம்பு காட்டிக்கொடுக்காது. ராசியாவது, மண்ணாவது!

நேராக இயக்குநர் ஜெயசீலனின் அறைக்குப் போனாள்.

"இந்தத் தொகுதியை எரிச்சிடணும் சார். இனிமே என் கையை நம்ப முடியாது."

"செசிலிக்கு வந்தது சாதாரணக் காய்ச்சலா இருக்கும்மா. உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, அனுப்பிடு. சட்டத்துக்கு அது போதும்."

"அப்ப உங்க கையை நீட்டுங்க. இப்பவே தைக்கச் சொல்றேன்."

அவருடைய கைகள் மேஜைக்கு அடியில் போயின.

மாதங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குழந்தைங்க நெஞ்சுல வைக்கலாம், உங்க கையில வைக்கக் கூடாதா?" என்றபடி மருத்துவமனைகளுக்கான அவசர இணைப்பை அழுத்தினாள்.

"என்ன பண்றே? பழசையெல்லாம் தோண்டுவாங்க. உன் பேரே நாறிடும். உன் பொண்ணு நெஞ்சுல இருக்கறதும் நீ அனுப்பின உறைதான், மறந்துட்டியா?"

"மறக்கல சார். அவ பொழைச்சதே என் கைராசின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டவ நான். நாறட்டும்." அவள் விரலை எடுக்கவில்லை.

மறுமுனையில் பேசினார்கள். தான் அனுப்பிய எந்த உறையையும் நம்ப வேண்டாம், குழந்தைகள் எல்லோரையும் உடனே அழைத்துச் சோதியுங்கள் என்றாள். யாரிடமிருந்து தொடங்குவது என்று கேட்டார்கள்.

"இளநகை. மூணு வயசு," என்றாள் மாதங்கி. "என் பொண்ணு. நானே தூக்கிட்டு வர்றேன்."