பெரட்டுக்கு ஒரு ஆள் குறைவு

பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர். திரையில் அறுபத்தொரு புள்ளிகள். புஷ்பவல்லி மூன்றாம் தடவையும் எண்ணிப் பார்த்துவிட்டாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே அந்த ஆபீஸ். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் யார் யார் எந்த லயத்து வீட்டில் குடியிருந்தார்கள் என்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஆளுக்கொரு புள்ளி வைப்பது அவள் வேலை. இன்று கையில் இருந்தது 1943-ஆம் வருஷத்துப் பதிவேடு. எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே சொல்: சயாம். யுத்தத்தில் அங்கே ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்கள், ஒருவரும் திரும்பவில்லை.

பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் புள்ளி வைப்பாள். நல்லம்மாள். வேலாயுதம். தம்பு. குறைந்தது கடைசிப் பெயர்; அதைப் பூச்சி அரித்திருந்தது. அதைப் போய் எவன் தேடிக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டாள். மணி நாலு. மழை சோவென்று பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து வந்த தாளிப்பு வாசனை போய், ஈர மண்ணும் ரப்பர் பாலின் புளித்த நாற்றமும் ஏறி வந்தன. மழைச் சத்தத்துக்கு அடியில் சேற்றில் நடக்கும் வெறுங்கால்களின் சத்தமும் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, நிறையக் கால்கள்.

உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். பழைய தோட்டத்தின் மேல் இன்றைய தாமான் குடியிருப்பின் வரைபடத்தைப் பொருத்தினாள். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் இருந்த இடத்தில் பதினான்காம் நம்பர் வீடு. அவளுடைய வீடு. ஸ்கூல் விட்டு வந்து மகள் ரமணி இந்நேரம் தனியாக இருப்பாள்.

போன் அடித்தது.

“அம்மா, வாசல்ல நெறைய பேரு நிக்கிறாங்கம்மா. மழையில, வரிசையா. நீங்கதான் கூப்பிட்டீங்களாம்.”

“கேட்டைத் தொறக்காதே! உள்ளயே இரு லா!”

“ஒரு ஆளு கொறையுதாம். ஆளு சரியா இருந்தாத்தான் போக முடியுமாம், அம்மா.”

பதிவேட்டைப் புரட்டினாள். கடைசி வரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துக்கூட இல்லை. வெறும் ஓட்டை.

“ரமணி, அம்மா இதோ வரேன். கேக்குதா? ரமணி!”

போனுக்குள் கேட் கிறீச்சிட்டது. மழை. அப்புறம் குரல்கள். ஆளுக்கொரு எண்ணாக. ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபத்தொன்று.

“அறுபத்திரண்டு” என்றது ரமணியின் குரல்.

திரையில், பதினான்காம் நம்பர் வீட்டின் மேல் ஒரு புதுப் புள்ளி. அவள் மவுஸைத் தொடவே இல்லை. புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே நகர்ந்து, வரைபடத்தின் ஓரம் வரை போய் மறைந்தன. கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.