இரும்புச் சட்டிக் கடுக்காய்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. வானகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே அறை, ஒரே வாத்தியார். அந்தச் சம்பத் வாத்தியாருக்கு ஈறு வீங்கிவிட்டது. அதுவும் எப்போது? மறுநாள் இன்ஸ்பெக்டர் வரப்போகிற நேரம் பார்த்து!

கன்னம் பணியாரம் போல உப்பியிருந்தது. வாயைத் திறந்தால் "ம்ம்" என்ற முனகல்தான் வந்தது.

அங்கே படிக்கும் பத்து வயது நாகம்மாளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பாடம் நடத்துவதைப் பார்த்துத்தான் பள்ளியை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்வார். மூடிவிட்டால் பையன்கள் பூவிருந்தவல்லிக்கு நடந்து போவார்கள். நாகம்மாளை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்?

போன மாதம் அவளுக்கு ஈறு வீங்கியபோது, அம்மா கடுக்காய்த் தோலைக் கொதிக்க வைத்துக் கொப்பளிக்கக் கொடுத்தாள். இரண்டே நாளில் சரியானது. அது நினைவுக்கு வந்ததும் மத்தியானம் வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா கழனியில் இருந்தாள். மண்சட்டியில் கஞ்சி இருந்தது. கைக்கு அகப்பட்டது ஒரு துருப்பிடித்த இரும்புச் சட்டி. அதிலேயே கொதிக்க வைத்தாள். தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆனது. மருந்து நன்றாக இறங்கிவிட்டது என்று நாகம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதைப் புட்டியில் ஊற்றிப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். புட்டியைப் பார்த்ததும் கூடப் படிக்கும் எத்திராஜ் சிரித்தான். "இன்னாடி இது? கரியக் கரைச்சி எத்துகினு வந்துகீறே?"

வாத்தியார் விரலை விட்டுப் பார்த்தார். விரல் கறுத்தது. அவர் மிரண்டுபோய்ப் புட்டியை ஜன்னலில் வைத்துவிட்டார்.

நாகம்மாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பினாள். அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனை கறுத்துப்போயிருந்தது.

நாகம்மாள் துள்ளினாள். "எம்மா! வாழக்காயும் துவர்ப்பு, கடுக்காயும் துவர்ப்பு. துவர்ப்பு இரும்புல பட்டாத்தான் கறுக்குது! மண்சட்டிய குடு!"

"அதுல கஞ்சி கீதேடி!"

"நானே குடிச்சிடறேன்!"

மடமடவென்று குடித்தாள். வயிறு முட்டியது. இந்த முறை மருந்து தேநீர் நிறத்தில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினாள். வாத்தியார் கொப்பளித்தார். துவர்ப்பில் அவர் முகம் எட்டுக் கோணலாகப் போனது. ஆனாலும் விடவில்லை. அன்று மூன்று முறை, விடிந்ததும் மூன்று முறை.

மறுநாள் வீக்கம் பாதி வற்றியிருந்தது. பேச்சும் வந்துவிட்டது! வாத்தியார் பாடம் நடத்தினார், இன்ஸ்பெக்டர் ரசித்துக் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம். எழுதித் தருகிறேன். மை எங்கே?"

எல்லாரும் எத்திராஜைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று விழுந்து விழுந்து பெருக்கியவன், மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டிருந்தான்.

நாகம்மாள் ஜன்னலுக்கு ஓடினாள். புட்டியை எடுத்து வந்து நீட்டினாள். "இதத் தொட்டு எழுதிப் பாருங்க சார்."

பேனா அழகாக ஓடியது.

"அடடே, நல்ல மை! எந்தக் கடையில் வாங்கினது?"

"அது எங்க சாருக்குக் காச்சின மருந்து சார்!" என்றான் எத்திராஜ்.

இன்ஸ்பெக்டர் புட்டியையும் வாத்தியாரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். வாத்தியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாகம்மாள் மட்டும் எட்டி நின்று, ஈரம் காயாத எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்: 'பள்ளி தொடர்ந்து நடக்கலாம்.'