குருவிப்பாறைக்குப் போன ட்ரெய்லர்

"மூணு குதிரையையும் ஒரே ட்ரெய்லர்லயா ஏத்தப் போறீங்க? ஒண்ணு மூஞ்சிய இன்னொண்ணு பார்த்ததுகூட இல்லையே!" என்றார் பன்னீர்.

"வேற வழி இருந்தாச் சொல்லுங்கண்ணே," என்றாள் தமயந்தி.

வேறு வழி இல்லை. மலைமேல் இருந்த குருவிப்பாறைக்குத் தார்ச்சாலை கிடையாது. சாலை முடிகிற இடத்திலிருந்து காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். நடுவில் ஓடும் ஓடையின் மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் கிராம நர்ஸ் மெகருன்னிசா கணுக்கால் எலும்பு முறிந்து கிடந்தாள். கூடவே நிறைமாதக் கர்ப்பிணி முருகாயி. கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாளாம். தீயணைப்பு வீரர்கள் வேறொரு மண்சரிவில் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

"என் கால் கிடக்கட்டும். முருகாயியால நாளைக்கு வரைக்கும் தாங்க முடியாது," என்று மெகருன்னிசா போனில் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் அவள் கணவர் சிக்கந்தர். ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுபவர். தன் குட்டைக் குதிரை பூந்திக்கு லாடம் அடிக்க அடிவாரத்துக்கு வந்த இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டார். பூந்திக்கு மலைப்பாதை மனப்பாடம். ஆனால் ஓடை வெள்ளத்தில் அது மூழ்கிவிடும். வெள்ளத்தில் நிற்க உயரமான குதிரை வேண்டும்.

அடிவாரத்தில் குதிரையேற்றப் பள்ளி நடத்தும் தமயந்தியிடம் ட்ரெய்லரும் ஜீப்பும் இருந்தன. அவளுடைய குதிரைகள் சளிக்காய்ச்சலில் கிடந்தன. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பன்னீர் தன் வெள்ளைக் குதிரை மகாராணியைத் தர முன்வந்தார். பந்தயக்காரர் ஒருவர் சூறாவளி என்ற ஆண் குதிரையைக் கொடுத்தார். அரிசியையும் மருந்தையும் சுமக்க அந்த முரட்டு உடம்பு தேவைப்பட்டது.

"நேரமாகுது, ஏத்துங்க மாஸ்டரம்மா!" என்று துடித்தார் சிக்கந்தர்.

"பொறுங்க பாய். முதல்ல வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிறுத்தி மோந்து பார்க்க விடுவோம். சண்டைன்னா இங்கயே போட்டு முடிக்கட்டும். ஓடுற வண்டியில போட்டா நாமதான் பள்ளத்துல கிடப்போம்."

மூன்றும் மூக்கை நீட்டின. சூறாவளி கனைத்துக்கொண்டு முன்காலால் தரையை உதைத்தது. மகாராணி காதைப் பின்னுக்கு மடக்கி ஒருமுறை பல்லைக் காட்டியது. அவ்வளவுதான், சூறாவளி ஓரடி பின்வாங்கியது. பெட்டைக் குதிரையின் வாசனை தெரியாதபடி அதன் மூக்கோரத்தில் தமயந்தி கொஞ்சம் தைலம் தடவினாள். மகாராணி ஒரு பக்கம், சூறாவளி மறுபக்கம், நடுவில் பூந்தி என்று ஏற்றி, இடையில் தடுப்புப் பலகைகளை மாட்டினாள். தலையை ஏற்றி இறக்க முடிய வேண்டும், பக்கத்துக் குதிரையைக் கடிக்க எட்டக் கூடாது. அந்த அளவுக்குக் கயிறு விட்டு, கயிற்று நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டாள்.

ஜீப் மெதுவாக மலை ஏறியது. வழியில் விழுந்த மரம் ஒன்றை வெட்டி அகற்றும்வரை நிற்க வேண்டியிருந்தது. தமயந்தி சக்கரங்களைப் பார்க்கப் போனாள். அதற்குள், தலையை உதறிக்கொண்டிருந்த சூறாவளியைப் பார்த்து மனசு கேட்காமல் சிக்கந்தர் அதன் கயிற்றைச் சற்று இளக்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து 'தடார்!' என்று சத்தம். ட்ரெய்லர் குலுங்கியது. இடப்பக்கம் வெறும் பள்ளம்!

தமயந்தி பதறி பிரேக்கை மிதிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினாள். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். சூறாவளி எட்டிப் பூந்தியின் கழுத்தைக் கடித்திருந்தது. வலியில் எகிறிய பூந்தியின் முன்கால் தடுப்புப் பலகைக்கு மேல் மாட்டிக்கொண்டது. அது இழுக்க இழுக்கப் பலகை காலை அழுத்தியது.

சிக்கந்தர் பின்கதவைத் திறக்கப் பாய்ந்தார்.

"தொடாதீங்க! மூணும் ஒண்ணா பாய்ஞ்சா நேரா பள்ளம்தான்! உள்ளயும் யாரும் போகாதீங்க!"

"கால் உடைஞ்சிரும் மாஸ்டரம்மா!"

"உடையாது. பன்னீரண்ணே, துண்டைக் கொடுங்க!"

முன்பக்கச் சின்னக் கதவு வழியாகக் கையை நீட்டிச் சூறாவளியின் கண்களைத் துண்டால் மூடினாள். அதன் தலையை ட்ரெய்லர் சுவர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார் பன்னீர். பூந்தியின் கயிற்று நுனியை அவள் ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். ஜாக்கிக் கம்பியால் பலகையின் கொண்டியைத் தட்டினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு... கொண்டி தெறித்தது! பலகை சரிந்தது. பூந்தி காலை உருவிக்கொண்டு நடுங்கியபடி நின்றது. தோல் உரிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை.

இத்தனை களேபரத்திலும் மகாராணி அசையவில்லை.

"செண்டை மேளம், வெடி, ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் பக்கத்துல நின்ன பொம்பளை அது," என்றார் பன்னீர்.

"கயித்தை நான்தான் இளக்கினேன்," என்றார் சிக்கந்தர், தரையைப் பார்த்தபடி. "பாவமா இருந்துச்சு."

தமயந்திக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "சரி பாய். என் கணக்கும் தப்புதான். சின்னதை நடுவுல விட்டிருக்கக் கூடாது."

பலகையைக் கயிறு கொண்டு கட்டிச் சமாளித்து, மேலே ஒரு சமதளம் வந்ததும் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றாக இறக்கி, மகாராணியை நடுவில் விட்டு மறுபடி ஏற்றினார்கள். சூறாவளிக்குத் தைலம் இன்னொரு தடவை! கயிறு முன்னைவிடக் குட்டை. அது ஒருமுறை எகிறிப் பார்த்தது. மகாராணி திரும்பி ஒரு பார்வை பார்த்தது. பிறகு சாலை முடியும்வரை பின்னால் சத்தமே இல்லை.

அங்கிருந்து நடை. வழுக்கும் பாறைகளில் எங்கே கால் வைப்பது என்று பூந்தி காட்ட, மற்ற இரண்டும் இடைவெளி விட்டுப் பின்னால் வந்தன. ஓடை செம்மண் நிறத்தில் உறுமியது. அக்கரையில் ஊர்க்காரர்கள் இரு பெண்களையும் கட்டிலில் தூக்கி வந்து காத்திருந்தார்கள்.

"மெகர்!" என்று கத்தினார் சிக்கந்தர்.

"கத்தாம குதிரையை அனுப்புங்க!" என்று பதில் வந்தது.

பூந்தி கரையில் நின்றது. மூட்டைகளோடு சூறாவளியை மேல்பக்கம் விட்டார்கள். அந்தக் கனத்த உடம்பில் வெள்ளம் மோதி வேகம் குறைய, அதன் மறைவில் மகாராணி இறங்கியது. தமயந்தி மகாராணிமேலும் சிக்கந்தர் சூறாவளிமேலும் இருந்தார்கள். தண்ணீர் வயிற்றைத் தொட்டது. நடுவில் மகாராணிக்கு ஒரு கால் சறுக்கியது. சாய்ந்த அதன் விலாவுக்குச் சூறாவளியின் தோள் முட்டுக்கொடுத்தது. கடிக்கவில்லை, உதைக்கவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டே கரையேறின!

முதலில் முருகாயியைத் தமயந்தி தன் முன்னால் அணைத்து உட்காரவைத்துக் கொண்டுவந்தாள். அடுத்த நடையில் மெகருன்னிசா. இக்கரைக்கு வந்ததும் முருகாயியை மறுபடி மகாராணிமேல் ஏற்றினார்கள். பூந்திமேல் மாறி உட்கார்ந்த மெகருன்னிசா, கணவர் கண்ணீரைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "முருகாயி சரியாம பார்த்துப் பிடிங்க. என்னை அப்புறம் கொஞ்சலாம்," என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றே மருத்துவமனையில் முருகாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய், சேய் இருவரும் நலம்.

மறுநாள் தமயந்தியின் பள்ளிக்குப் போன சிக்கந்தர் ஆசையோடு சொன்னார்: "மூணும் உயிருக்கு உயிரா ஆகியிருக்கும். ஒரே மைதானத்துல அவிழ்த்து விடுங்களேன்!"

"வேணாம் பாய்."

"சும்மா ஒரு தடவை!"

அவள் மைதானத்தின் பக்கம் கையை நீட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கம் சூறாவளி கழுத்தை நீட்டிக் கனைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மகாராணி திரும்பிக்கூடப் பாராமல் பின்காலைத் தூக்கிக் காட்டியது. தூரத்து மூலையில் பூந்தி நிம்மதியாகப் புல் மேய்ந்தது.

சிக்கந்தர் சிரித்துவிட்டார். "அப்ப நேத்து ஓடையில?"

"அது வேலை நேரம்," என்றாள் தமயந்தி. "ஒண்ணாப் போய்ட்டுத் திரும்புறதுக்கு உயிருக்கு உயிரா இருக்கணும்னு இல்ல பாய். ஒருத்தருக்கொருத்தர் இடம் விட்டு நின்னாப் போதும்."