ஷாக் அடிக்காத அயர்ன் பாக்ஸ்

ட்ரிங்... ட்ரிங்...!

சர்வீஸ்காரன் போனை எடுத்தான்.

"சார்... உங்க அயர்ன் பாக்ஸ்... என் வீட்டுக்காரர் சட்டை தேய்ச்சுக்கிட்டே விழுந்துட்டார்... மூச்சே இல்ல!"

தெரிந்த குரல். 'கைப்பிடியில ஷாக் அடிக்குது' என்று போன வாரமே புகார் சொன்ன பெண். 'நாளைக்கு வந்து மாத்தித் தர்றேம்மா' என்று சொன்னவன் இவன்தான்.

போகவில்லை!

முதலாளியிடம் ஓடினான். முதலாளி அவனுடைய அக்கா புருஷன்.

"மாமா, அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்! புகார் வந்ததுமே அதிகாரிங்களுக்குச் சொல்லணும்னு சட்டமே இருக்கு..."

"சொன்னா வித்ததெல்லாம் திரும்பி வரும். கம்பெனிக்குப் பூட்டுதான்! வழக்கம் போல சத்தமில்லாம மாத்திடு மாப்ள. போலீஸ் வர்றதுக்குள்ள!"

யார் கத்தினாலும் நல்லதைக் கொடுத்துக் கெட்டதை வாங்கி வருவது. அதுதான் அங்கே சர்வீஸ்!

அந்த வீட்டு ஹாலில் அக்கம்பக்கத்தார் நடுவே அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"மெயினை அணைச்சிருக்கான்னு பாக்கறேம்மா..."

சர்வீஸ்காரன் அவளிடம் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தான். தரையில் கணவன். மேஜையில் பாதி தேய்த்த சட்டை. பழைய அயர்ன் பாக்ஸ் பைக்குள் போனது. புதியது மேஜைக்கு வந்தது. செத்தவன் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

வெளியே ஜீப் சத்தம்!

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து நேராக மேஜைக்குப் போனார். அவளும் பின்னாலேயே வந்தாள். பிளக்கைச் சொருகி, டெஸ்டரை வைத்தார்.

"பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு. கடிக்கவே இல்லையே!"

அவளிடம் திரும்பினார்.

"கரண்ட் தானா வரலம்மா. யாரோ வச்சிருக்காங்க. வீட்ல இருந்தது நீங்க மட்டும்தான். ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க."

"நானா?" அவள் அலறினாள். "அண்ணா! உங்ககிட்டதானே புகார் சொன்னேன்... நீங்களாவது சொல்லுங்கண்ணா!"

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றான் அவன்.

அண்ணா...!

அந்த ஒரு வார்த்தை போதும். பையைத் திறந்தான்.

"சார்... பழசு இதோ. மாத்தினது நான்தான். நாளைக்கு வர்றேன்னு சொல்லி வராம இருந்ததும் நான்தான். அந்தம்மா பாவம் சார்!"

"எனக்குத் தெரியும்."

"எப்படி சார்...?"

இன்ஸ்பெக்டர் புதிய அயர்ன் பாக்ஸைத் திருப்பிக் காட்டினார். அடித்தட்டில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே பளபளத்தது!

"இதை உரிக்காமலே ஒருத்தர் பாதி சட்டையைத் தேய்ச்சார்னு நான் நம்பணுமா? சர்வீஸ் பையோட நின்ன நீயே வாயைத் திறக்கணும்னுதான் மிரட்டினேன். அம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவேயில்லை.

"உங்களைப் போய் அண்ணான்னு கூப்பிட்டேனே..." என்றாள் அவனிடம்.

செத்தவனுக்குப் பதில் தான் செத்திருக்கலாம் என்று நினைத்தான் அவன்.

அவன் சட்டைப்பையில் செல்போன் அலறியது. இன்ஸ்பெக்டரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள! யாருக்கும் தெரியாம மாத்திட்டியா?"

"மாத்தியாச்சு சார்!" என்றார் இன்ஸ்பெக்டர். "அடுத்து உங்க விலாசத்தையும் மாத்தணும். அங்கேயே இருங்க... டோர் டெலிவரிக்கு ஜீப் வருது!"