செவ்வாய்க்கிழமையின் எட்டு ஊசிகள்

அவள் வைத்தது எட்டு ஊசிகள்.

இப்போது பன்னிரண்டு இருந்தன.

அக்குபங்சர் வைத்தியம் பார்க்கும் ஊசியக்கா மறுபடி எண்ணினாள். உச்சந்தலையில் ஒன்று. மார்பின் நடுவே ஒன்று. காதுகளில் இரண்டு. முன்கைகளில் இரண்டு. முழங்காலுக்குக் கீழே இரண்டு. இவை அவள் வைத்தவை.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கைக்கு ஒன்று... கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக, காலுக்கு ஒன்று...

இவை யார் வைத்தவை?

"எழுந்திரும்மா. நேரமாச்சு."

கட்டிலில் படுத்திருந்தவள் அசையவில்லை. ஊசியக்கா அவள் கண்மேல் கிடந்த துணியை எடுத்தாள்.

கண்கள் திறந்திருந்தன. வெள்ளை விழியில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

மணிக்கட்டைப் பிடித்தாள். பதினைந்து வருடமாக நாடி பார்த்த விரல்கள். இல்லை என்பதையும் அவை உடனே சொல்லிவிட்டன.

ஆபத்து என்றால் அடிக்க, நோயாளியின் கையில் ஒரு சின்ன மணி கொடுப்பது அவள் வழக்கம். அந்த மணி கையில் இல்லை. அறை மூலையில், நோயாளியின் கணவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் மேல் இருந்தது. அவர் அறையில் இல்லை.

அப்போதுதான் அவள் அலறினாள்.

மாலை ஐந்து மணி.

உடலை எடுத்துப்போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. சிகிச்சை நிலையத்தின் முன்னறையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் ஊசியக்கா. ஒன்றில் இறந்தவளின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நடுவில் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டருக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்தில் இருந்தது. அவசரம் தூரத்தில் இருந்தது.

"இந்தக் கண்ணாடியே சார் கடையில போட்டதுதான்," என்றார், மூக்கின் மேல் இருந்ததைத் தொட்டு. "போர்டுல முதல் வரி தெரியுது போதும்னேன். விட்டாரா? கடைசி வரியப் படிங்க, கடைசி வரியப் படிங்கன்னு உயிர வாங்கிட்டார்."

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"சரிம்மா. நீ சொல்லு. இறந்துபோன பொண்ணு எவ்வளவு நாளா வருது?"

"ஒன்றரை வருஷமா. செவ்வாய்க்கிழமை தவறாம."

ஊசியக்கா நோயாளிகளை மனசுக்குள் கிழமை வைத்துத்தான் கூப்பிடுவாள். முதுகுவலிக்காரர் திங்கள். தூக்கம் வராத டீச்சர் வியாழன். இவள் செவ்வாய்க்கிழமை. ஏழு வருடமாகக் குழந்தை இல்லாத செவ்வாய்க்கிழமை.

"ஊசி குத்தினா குழந்தை பொறக்குமா?"

"பொறக்கும்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல சார். டாக்டர் மாத்திரையும் அவ சாப்பிட்டுட்டு இருந்தா. கூட இதுவும். மனசு கொஞ்சம் அடங்கும்."

"இன்னைக்கு எத்தனை ஊசி?"

"எட்டு."

"பொய் சார்," கணவர் நிமிர்ந்தார். "எப்பவும் பன்னெண்டு. நான் கூடவே வந்து உக்காந்து பாக்கறவன்."

இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்த நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு வாரமும் வைத்த ஊசிகளும் எடுத்த ஊசிகளும் எழுதியிருந்தன. ஒரு ஊசி உடம்பிலேயே மறந்துபோய்விடக் கூடாது என்பதற்கான கணக்கு. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு... இன்றைய தேதியில் மட்டும் எட்டு.

"உடம்புல பன்னெண்டு இருந்துச்சே, தாயி."

"நாலு ஊசி நான் வெச்சதில்ல."

"இன்னைக்கு மட்டும் ஏன் எட்டு?"

ஊசியக்கா வாயைத் திறந்தாள். எதிரே கணவரின் முகம். அழுது வீங்கிய முகம்.

மூடிக்கொண்டாள்.

காலையில், கணவர் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் செவ்வாய்க்கிழமை உள்ளே ஓடி வந்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் ஓடி ஊசியக்கா பார்த்ததில்லை.

"அக்கா... ரெண்டு கோடு."

"என்னம்மா சொல்றே?"

"ரத்த டெஸ்ட்டும் நேத்தே பண்ணிட்டேன். நிஜம்தான்க்கா."

ஊசியக்கா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொன்னியா?"

"சாயங்காலம். இன்னைக்கு அவர் பிறந்தநாள். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது நீங்க. சத்தியம் பண்ணுங்க."

"சரி, சத்தியம். அப்போ இன்னைக்கு ஊசி வேணாம். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

"ஐயோ, ஊசி வெக்காம அனுப்பினா அவர் ஏன்னு கேப்பார். எதையாவது வைங்க. இந்த அரைமணி நேரம்தான்க்கா வாரத்துல நான் அழாம இருக்கறது."

வயிற்றில் குழந்தை இருந்தால் கையிலும் கணுக்காலிலும் அந்த நான்கு இடங்களைத் தொடக் கூடாது என்பது ஊசி வைத்தியத்தின் பழைய பாடம். அந்த நான்கையும் விட்டு எட்டு வைத்தாள். விளக்கைக் குறைத்தாள். "அசையாம இரு" என்றாள். வழக்கம்போல நாற்காலியில் கணவர். அவள் பக்கத்து அறை நோயாளியைப் பார்க்கப் போனாள்.

அவ்வளவுதான் நடந்தது.

இதை எப்படிச் சொல்வது? மனைவி போன துக்கத்தையே தாங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், போனது ஒரு உயிரில்லை, இரண்டு என்று?

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு வேண்டாம்.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? இப்படி உக்காந்திருந்தா உன்னை உள்ள வெக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"வைங்க சார்," என்றாள் ஊசியக்கா மெதுவாக.

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நிறைய 'ம்' போட்டார். ஒரு இடத்தில் 'ம்' போடாமல் நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் குரலில் கிண்டல் குறைந்திருந்தது.

"ஊசியால சாகல. மூச்சடைச்சு செத்திருக்கு. யாரோ தலையணைய வெச்சு அழுத்தியிருக்காங்க."

"இவதான் சார்," கணவர் எழுந்து நின்றார். "கர்ப்பமா இருக்கறவளுக்கு வெக்கக்கூடாத இடத்துல ஊசிய வெச்சுட்டா. ஏதோ ஆயிடுச்சு. வெளிய தெரிஞ்சா மாட்டிப்போம்னு பயந்து, நான் போன் பேச வெளிய போன நேரம் பாத்து அமுக்கிட்டா."

இன்ஸ்பெக்டர் போனை மேஜைமேல் வைத்தார்.

"உக்காருங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "கர்ப்பம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கணவர் ஊசியக்காவைப் பார்த்தார்.

"போஸ்ட்மார்ட்டம் டாக்டர் இப்பத்தான் என் காதுல சொன்னார். நான் இன்னும் வாயைத் திறக்கல. இந்தம்மா காலையிலேர்ந்தே திறக்கல."

"என் வொய்ஃப் சொன்னா."

"இல்ல," என்றாள் ஊசியக்கா.

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "அவ சொல்லல. சாயங்காலம் சொல்றதா இருந்தா. அவ கைப்பையில பாருங்க."

கைப்பை மேஜை மேலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் துழாவினார். ஒரு கண்ணாடிக் கூடு. அந்தக் கடையின் கூடுதான். சிவப்பு ரிப்பனால் சுற்றி, முடிச்சின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கர் பிரியவில்லை.

அவர் பிரித்தார்.

உள்ளே இரண்டு கோடு விழுந்த சோதனைக் குச்சி. ஒரு துண்டுக் காகிதம். 'அப்பாவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஊசியக்காவின் பார்வை திறந்திருந்த கதவு வழியே சிகிச்சை அறைச் சுவருக்குப் போனது. மனித உடம்பின் படம். நான்கு இடங்களில் சிவப்பு வட்டம். அடியில், 'கர்ப்பிணிகளுக்கு இங்கே ஊசி கூடாது.' எல்லோருக்கும் தெரியட்டும் என்று அவளே ஒட்டியது. ஒன்றரை வருடமாக அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், எழுத்துகளைப் படிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்.

அவர் பக்கம் திரும்பினாள்.

"நாலு இடம் காலியா இருந்தத பாத்தே தெரிஞ்சுக்கிட்டீங்க," என்றாள். "அப்புறம் அந்த நாலுலயும் நீங்களே வெச்சீங்க, என் மேல பழி விழணும்னு. ட்ரேயில ஊசி மீதி இருந்துச்சு. ஆனா சார், அவ உடம்புல ஊசி வெச்சா சுத்தி ஒரு சிவப்பு வளையம் வரும். ஒவ்வொரு வாரமும் வரும். நான் பாக்கறப்ப எட்டுல இருந்துச்சு. நாலுல இல்ல."

"டாக்டரும் அதையேதான் சொன்னார்," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த நாலும் உயிர் போனதுக்கு அப்புறம் குத்தினதாம்."

கணவர் உட்கார்ந்தார்.

"அது என்னோடது இல்ல சார்."

"எது?"

"குழந்தை. எனக்குக் குழந்தை பொறக்காதுன்னு ஆறு வருஷமா எனக்குத் தெரியும். தனியாப் போய் டெஸ்ட் பண்ணினேன். விந்தணு ஒண்ணுமே இல்லன்னு வந்துச்சு. ரிப்போர்ட்ட எடுத்துப் பூட்டி வெச்சுட்டேன்."

"தெரிஞ்சுமா அவளை இங்க கூட்டிட்டு வந்தீங்க?" ஊசியக்காவின் குரல் உடைந்தது. "எழுபத்தஞ்சு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு படுத்திருப்பா."

"அவளுக்கு ஊசி குத்தற வரைக்கும் என்னை யாரும் எதுவும் கேக்கல."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு கத்தலையா?"

"மணிய எடுத்தப்ப அசையல. தலையணைய வெச்சப்பதான்..." அவர் நிறுத்தினார். "'அக்கா?'ன்னு கேட்டா. இவங்கதான் ஏதோ பண்றாங்கன்னு நெனச்சா போல. கொஞ்ச நேரம் அசையாமத்தான் இருந்தா."

அசையாம இரு என்று சொன்னது நான்தான் என்று ஊசியக்கா நினைத்தாள். அந்த நினைப்பு இனி போகாது என்பதும் தெரிந்தது.

கான்ஸ்டபிள் உள்ளே வந்தார். கணவர் கையை நீட்டிக்கொடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஊசியக்கா. புதிதாக வருகிற தம்பதியிடம் கேட்கிற கேள்விகள் தானாக வாயில் வந்தன. "அந்த டெஸ்ட்ட எப்ப எடுத்தீங்க?"

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு பெரிய காய்ச்சல் வந்துச்சு. அதுலேர்ந்து எழுந்த மறு மாசம்."

"ஒரு தடவைதானா?"

"ஒரு தடவை பாத்தா போதாதா?"



"போதாது சார். பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் ரெண்டு மூணு மாசம் ஒண்ணுமே இல்லாமக்கூட போகலாம். பல பேருக்குத் திரும்பி வந்துடும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். ரிப்போர்ட்லயே அடியில போட்டிருப்பாங்களே."

கணவர் வாசலில் நின்றுவிட்டார்.

"சின்ன எழுத்துல என்னவோ இருந்துச்சு," என்றார். "மேல இருந்ததப் பாத்ததும் மடிச்சு வெச்சுட்டேன்."

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி.

கட்டில் காலி. அந்த நேரத்தை ஊசியக்கா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். அந்தத் தேதியில் 'வைத்தது: எட்டு' என்று இருந்தது. 'எடுத்தது' என்ற இடம் வெறுமையாக இருந்தது. எடுத்தது மார்ச்சுவரியில். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து எதிரே உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். எடுத்தவர் அதைக் கொடுக்கவில்லை.

"டி.என்.ஏ. வந்துடுச்சும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரோடதுதான்."

அவள் நோட்டை மூடினாள்.

"அவர் வீட்டு பீரோவுல அந்தப் பழைய ரிப்போர்ட்டும் கிடைச்சுது," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ சொன்ன மாதிரியே, அடியில போட்டிருக்கான். மூணு மாசம் கழிச்சு மறுபடி சோதிக்கவும்னு."

கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஊர்ல எல்லாரையும் கடைசி வரியப் படிக்க வெக்காம விடமாட்டார். தன்னோடத மட்டும் முதல் வரியோட மடிச்சு வெச்சுட்டார்."