நாளை காலை ஆறு மணிப் பதிவு

செல்போன் அலறியது.

பல் துலக்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், நுரை வாயோடு எடுத்தார். பிறந்த வீட்டுக்குப் போயிருந்த மனைவி.

"ஏங்க... அவங்க செத்துட்டாங்க!"

"யாருடி?"

"நம்ம பின் தெருவுல பிளாக் எழுதறாரே... அவர் பொண்டாட்டி! ஆறு மணிப் பதிவு இப்பதான் வந்துது. நேத்துக் காலைல ஆறரைக்குப் பால் குடிச்சதும் வாந்தி எடுத்து, அவர் மடியிலயே... ஐயோ, ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்!"

அந்த ஆளைத் தெரியாதவர்கள் இல்லை. ஆறு வருஷம் கதை எழுதினார்... ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. பிறகு தினம் ஒரு பதிவு என்று பிளாக் ஆரம்பித்து, மனைவியின் காய்ச்சலை எழுதினார்.

கூட்டம் குவிந்தது!

அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு நோய் விடவே இல்லை.

ஆறு இருபத்தைந்துக்கு இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார்.

திறந்தது...

நேற்றே செத்துப்போன பெண்!

எலும்பும் தோலுமாக நின்றாள். எங்கேயோ பார்த்த முகம்.

"வாங்க சார்" என்றாள் அமைதியாக.

உள்ளே புளித்த வாடை. கட்டிலடியில் வாளி. தலையணையைக் குறிபார்த்து, ஸ்டாண்டில் ஒரு கேமரா.

"இது எதுக்கும்மா?"

"நான் வாந்தி எடுத்தா முதல்ல ஃபோட்டோ சார்... அப்புறம்தான் துண்டு. வெளிச்சம் சரியில்லைன்னா இன்னொரு தடவை குனியச் சொல்லுவாரு."

"சே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சமையலறையிலிருந்து பால் டம்ளரோடு வந்த எழுத்தாளர், காக்கியைப் பார்த்ததும் நின்றார்.

"எ... என்ன சார் விஷயம்?"

"துக்கம் விசாரிக்க வந்தேன்."

"யாருக்கு?"

இன்ஸ்பெக்டர் அந்தப் பதிவைத் திறந்து தன் செல்போனை நீட்டினார். எழுத்தாளரின் முகம் வெளுத்தது.

"இது... இது நாளைக்கு வரவேண்டியதாச்சே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஓ! அப்ப அந்த 'நேத்துக் காலை ஆறரை'ங்கறது..." இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபத்தொன்பது. "அந்தப் பாலை நீங்க குடிங்க."

"எனக்குப் பால் ஒத்துக்காது சார்..."

"ஒரே டம்ளர்ல பாதிப் பாதி குடிக்கிறோம்னு எழுதினீங்களே!" என்றாள் மனைவி. "நானூறு பேர் ஹார்ட் போட்டாங்களே!"

டம்ளர் சாய்வதற்குள் இன்ஸ்பெக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பதிப்பகத்துல புத்தகமா போடறோம்னாங்க சார்! முடிவு மட்டும் உருக்கமா வேணும்னாங்க... இவ என்னடான்னா தேறிக்கிட்டே வர்றா!"

"த்தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனாடா!" விலங்கை மாட்டினார். "நல்லவேளைம்மா... முட்டாப்பய, தேதியைத் தப்பா போட்டுட்டான்."

"இல்லை சார். சரியாத்தான் போட்டிருந்தாரு."

"என்னது?"

"எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதி, காலைல ஆறுக்குத் தானா வர்ற மாதிரி வெச்சிடுவாரு. எழுத்துப்பிழை பார்க்கிறது நான். நேத்து பிளாக்குக்குள்ளே போய்ப் பார்த்தா, என்கிட்ட காட்டாத ஒரு பதிவு... என் சாவு! நாளைக்குன்னு இருந்ததை இன்னைக்குன்னு மாத்தினேன்."

"நேரா ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாமேம்மா?"

"வந்தேனே சார்... போன மாசம். 'என் வீட்டுக்காரி தினம் அதைப் படிச்சுட்டுதான் காபியே குடிப்பா. அப்படிப்பட்ட தங்கமான மனுஷன் மேலயா பழி போடறே?'ன்னு நீங்கதானே விரட்டினீங்க! நான் சொன்னா நம்ப மாட்டீங்க... அவர் எழுதினா ஓடி வருவீங்கன்னு தெரியும்."

மறுபடியும் ஒரு 'சே!' சொன்னார் இன்ஸ்பெக்டர். இந்த முறை தன்னை நினைத்து.

இன்ஸ்பெக்டர் போன் செய்து வரவழைத்த ஜீப் வாசலில் வந்து நின்றது. எழுத்தாளர் திரும்பிக் கெஞ்சினார்.

"எண்ணூத்துப் பதினாறு நாள்! ஒரு நாள்கூடத் தவறினதில்லை... நாளைக்குப் பதிவு என்னடி ஆகும்?"

அவள் ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் போட்டுக்கறேன். ஜீப்ல ஏறும்போது மட்டும் இன்னொரு தடவை குனிங்க... வெளிச்சம் சரியில்லை!"